மலைப்பாதை ஓட்டம்: ஓடுபவருக்கும் வழியில் நிற்பவருக்கும்

மலைப்பாதை ஓட்டம் ஒன்றில் 150 பேர் ஓடுகிறார்கள் என்றால், அவர்கள் எல்லோரும் பத்திரமாக இறங்கி வருவதற்குக் குறைந்தது 40 பேராவது ஓடாமல் நிற்க வேண்டும். பாதை பிரியும் இடத்தில் இருவர், தண்ணீர்ப் பந்தலில் ஐந்தாறு பேர், ஓடை இறக்கத்தில் கயிற்றோடு இருவர், கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் நடந்து வரும் இருவர் என்று கணக்குப் போட்டால் நாற்பது எளிதாக வந்துவிடும். சாலை மாரத்தானில் வழி தவறினால் ஆட்டோ பிடித்துத் திரும்பிவிடலாம். ஜவ்வாது மலையில் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் அடுத்த மனிதரைப் பார்க்கவே ஒன்றரை மணி நேரம் ஆகலாம், போனில் சிக்னலும் இருக்காது. அதனால்தான், மலையில் ஓட ஆசைப்படுபவர் முதலில் ஒரு பந்தயத்திலாவது வாலன்டியராக நிற்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். ரிப்பன் ஏன் அந்தக் கிளையில் கட்டப்படுகிறது, தண்ணீர்ப் பந்தல் ஏன் 8-வது கிலோமீட்டரில் இல்லாமல் 9-வதில் இருக்கிறது, நேர வரம்பு எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் தெரிந்தவர், ஓடும்போது எடுக்கும் முடிவுகளே வேறாக இருக்கும்.

நம் வேலூர்ப் பக்கத்தில் இதற்கேற்ற இடம் இரண்டு. ஒன்று ஏலகிரி. பொன்னேரியிலிருந்து, புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சுமார் 1100 மீட்டர் உயரத்தில் சமதளமான ஊர்கள். மங்களத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்கு ஏறும் பாதையும், நிலாவூர்ப் பக்கமிருந்து ஜலகாம்பாறை அருவிக்கு இறங்கும் பாதையும் கண்ணுக்கு விருந்து, முழங்காலுக்குச் சோதனை. மற்றொன்று ஜவ்வாது மலை. சாமை வயல்கள், பலா மரங்கள், மூங்கில், பாறை, நடுநடுவே மலையாளி என்ற பழங்குடி மக்களின் ஊர்கள் என்று நீண்டு கிடக்கும் பெரிய மலை அது. பழைய வட ஆற்காடு 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. 2019-இல் வேலூர் மறுபடியும் மூன்றாகப் பிரிந்தது. அதனால் ஜவ்வாது மலை இன்று வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. அமிர்திப் பக்கம் ஒரு மாவட்டம், காவலூர் ஒரு மாவட்டம், ஜமுனாமரத்தூர் ஒரு மாவட்டம். 50 கிலோமீட்டர் பாதை போட்டால் அது மாவட்ட எல்லையைத் தாண்டிவிடும். அப்போது வனத்துறை அனுமதியும் காவல்துறைக் கடிதமும் இரண்டு இடத்தில் வாங்க வேண்டும்.

அனுமதி வெறும் சடங்கு அல்ல. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கி இறந்தார்கள். அந்த ஆண்டே தமிழக அரசு காட்டுக்குள் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கொண்டுவந்தது. காப்புக் காட்டுக்குள் கால் வைக்கும் எந்தப் பாதைக்கும் மாவட்ட வன அலுவலரின் எழுத்து அனுமதி வேண்டும். விண்ணப்பத்தோடு பாதையின் வரைபடம், எத்தனை பேர், எந்த நேரம், அவசரத்தில் வெளியேறும் வழிகள் எவை என்று எல்லாமே கொடுக்க வேண்டும். மூன்று மாதம் முன்பே தொடங்குவது நல்லது. பந்தயத்துக்குப் பணம் கட்டும் ஓட்டக்காரரும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்: வனத்துறை அனுமதி வாங்கியாயிற்றா? பதில் மழுப்பலாக வந்தால் அந்தப் பந்தயத்துக்குப் போக வேண்டாம்.

காலம் என்று பார்த்தால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் பாதி வரை. அதற்கு முன்னால் வடகிழக்குப் பருவமழை. பாறையில் பாசி பிடித்திருக்கும், ஓடைகளில் தண்ணீர் இழுக்கும். பிப்ரவரி கடந்தால் புல் காய்ந்து தீ அபாயம் வந்துவிடும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது எல்லோரும் அறிந்தது. மேலே குளுகுளு என்று இருக்கிறது என்று நம்பி மேயில் ஓட்டம் வைக்கக்கூடாது. ஏனென்றால் பாதை எப்போதும் மேலேயே இருக்காது. ஆயிரம் மீட்டர் இறங்கினால் சுமார் ஆறரை டிகிரி கூடும். ஏலகிரி மேட்டிலிருந்து 700 மீட்டர் இறங்கி அடிவாரம் வருபவருக்கு நாலரை டிகிரி அதிக வெயில், அதுவும் முற்பகல் வெயில் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில், சூடேறிய பாறைக்கு நடுவே. கால் ஓய்ந்துபோன பிறகுதான் அந்த வெயிலும் வந்து சேர்கிறது. முடிந்தால் பாதையை அடிவாரத்தில் தொடங்கி மேலே முடிப்பது போல் அமைப்பது நல்லது.

தொடக்க நேரத்திலும் ஒரு கணக்கு உண்டு. சீக்கிரம் தொடங்கினால் வெயில் மிச்சம் என்று அதிகாலை 4 மணிக்கு விடத் தோன்றும். இந்த மலைகளில் கரடி உண்டு. இரவெல்லாம் மேய்ந்துவிட்டு விடியும் முன் புதருக்குத் திரும்பும் நேரம் அது. கரடிக்குக் கண்பார்வை மந்தம். சத்தமில்லாமல் வேகமாக வரும் ஆள் அதன் பக்கத்தில் வந்து நின்றால் பயந்துபோய்த் தாக்கும். ஆகவே முதல் ஐந்தாறு கிலோமீட்டர் ஊர்ச் சாலையிலோ வண்டிப் பாதையிலோ இருந்தால் ஐந்தரைக்கு விடலாம். நேரே காட்டுப் பாதை என்றால் நன்றாக வெளுத்த பிறகு, ஆறரைக்குத்தான். காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது, இருட்டான வானம்தான் அதன் உயிர். அந்தப் பக்கம் தொடக்கக் கோட்டுக்கு வானம் நோக்கிய ஃபோகஸ் லைட் போடக்கூடாது. விளக்குகளைத் தாழ்வாக, தரையைப் பார்த்துக் கட்டினால் போதும்.

வழி காட்டும் வேலை

வழி குறிப்பவர்கள் பந்தயத்துக்கு முந்தைய நாள் மதியம்தான் போக வேண்டும். இரண்டு நாள் முன்பு கட்டினால் பாதி ரிப்பன் இருக்காது. ஆடு தின்னும். மாடு மேய்க்கும் பிள்ளைகள் அழகாக இருக்கிறதென்று அவிழ்த்துக்கொண்டு போவார்கள், அது அவர்கள் தப்பில்லை. பிளாஸ்டிக் ரிப்பன் ஆட்டின் வயிற்றில் போய்ச் சிக்கினால் அந்தக் குடும்பத்துக்கு நஷ்டம். காடாத் துணியைச் சாயம் போட்டு இரண்டு விரல் அகலம், ஒரு முழ நீளம் கிழித்துக் கட்டுங்கள். ஆரஞ்சு, பளிச் இளஞ்சிவப்பு இரண்டும் காட்டில் தெளிவாகத் தெரியும். சிவப்பு வேண்டாம். காய்ந்த இலைகளுக்கு நடுவில் சிவப்பு மங்கிப்போகும், நிறக்குறைபாடு உள்ளவர்களுக்குப் பச்சையோடு கலந்துவிடும். கோயில் கொடியோ கட்சிக் கொடியோ அதே நிறத்தில் அந்த ஊரில் கட்டியிருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்ப் பாதையில் 80 முதல் 100 மீட்டருக்கு ஒன்று. கண் உயரத்தில், ஓடும் திசைக்கு எப்போதும் ஒரே பக்கம், வலப்பக்கம் என்று முடிவு செய்தால் கடைசிவரை வலப்பக்கம். திருப்பத்துக்கு 15 மீட்டர் முன்பு மூன்று ரிப்பன் சேர்த்துக் கட்ட வேண்டும், வருபவர் வேகத்தைக் குறைக்க அது சைகை. திருப்பத்தில் தரையில் அம்புக்குறி. திரும்பிய பிறகு 20 மீட்டருக்குள் உறுதிப்படுத்தும் ரிப்பன் ஒன்று. போகக்கூடாத பாதையின் வாயில் சுண்ணாம்புத் தூளால் குறுக்குக் கோடு. இந்த நான்கில் அதிகம் மறக்கப்படுவது மூன்றாவது, அந்த உறுதிப்படுத்தும் ரிப்பன். அது இல்லாவிட்டால் சரியாகத் திரும்பியவர்கூட 200 மீட்டர் போய்ச் சந்தேகப்பட்டுத் திரும்பி வருவார். அவர் திரும்பி வருவதைப் பார்த்துப் பின்னால் வரும் நான்கு பேரும் குழம்புவார்கள்.

அம்புக்குறிக்குச் சுண்ணாம்பா, கோலமாவா என்று கேட்பார்கள். கல்மாவுக் கோலப்பொடி நல்லது. அரிசி மாவை விடிவதற்குள் எறும்பு இழுத்துவிடும். சுண்ணாம்பை ஓடைக்கும் குட்டைக்கும் பக்கத்தில் போடக்கூடாது, அது கால்நடை குடிக்கும் தண்ணீர். பாறையில் பெயின்ட் அடிப்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

பந்தய நாள் விடியற்காலையில், முதல் ஓட்டக்காரருக்கு ஒரு மணி நேரம் முன்னால், இன்னொருவர் பாதையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நேற்று கட்டியவரே போகக்கூடாது, வேறு ஆள். கட்டியவருக்கு வழி மனப்பாடம், ரிப்பன் இல்லாததை அவர் கண் கவனிக்காது.

பாதை பிரியும் இடத்தில் நிற்பவர் செய்ய வேண்டியது கேட்பதற்குச் சுலபம். 12 கிலோமீட்டர்க்காரர் இடப்பக்கம், 25 கிலோமீட்டர்க்காரர் நேரே. ஆனால் மூன்றாவது மணி நேரத்தில் கவனம் சிதறும். போனைப் பார்க்கும் அந்த இருபது விநாடியில் ஒருவர் தப்பான பக்கம் போய்விடுவார். ஆகவே இருவராக நிற்க வேண்டும், ஒருவர் எண் அட்டையின் நிறம் பார்த்து வழி சொல்ல, ஒருவர் எண்ணையும் நேரத்தையும் எழுத. வழியை 20 மீட்டர் தூரத்திலேயே கை நீட்டிச் சொல்லிவிட வேண்டும்: "அண்ணா நேரே, நேரே!" "அக்கா நீங்க லெஃப்ட்!" பக்கத்தில் வந்த பிறகு "நீங்க எந்த டிஸ்டன்ஸ்?" என்று கேட்டால் அவர் நிற்க வேண்டியிருக்கும், இறக்கத்தில் வந்தவரானால் சறுக்கி விழுவார். பெண் வாலன்டியர்களை ஒதுக்குப்புறமான இடத்தில் தனியாக நிறுத்தவே கூடாது. ஒவ்வொருவருக்கும் மூன்று லிட்டர் தண்ணீர், இரண்டு வேளைச் சாப்பாடு, குடை, விசில், பவர்பேங்க். எல்லாவற்றையும்விட முக்கியம், ஸ்வீப் எனப்படும் கடைசி இருவர் எத்தனை மணிக்கு வருவார்கள் என்ற மதிப்பு. அவர்கள் வந்து "முடிஞ்சது" என்று சொல்லும்வரை இடத்தை விட்டு நகரக்கூடாது. வெகு நேரமாக யாரும் வரவில்லை, முடிந்திருக்கும் என்று தானாக நினைத்துக் கிளம்புவதால்தான் கடைசி ஆட்கள் வழி தவறுகிறார்கள்.

தண்ணீர்ப் பந்தல்

மலை ஓட்டத்தில் தண்ணீர்ப் பந்தலின் இடத்தைக் கிலோமீட்டர் தீர்மானிப்பதில்லை, வண்டி எதுவரை வரும் என்பதுதான் தீர்மானிக்கிறது. கணக்கைப் பாருங்கள். 120 பேர் கடக்கும் பந்தலில் ஒருவருக்குக் குடிக்கவும் பாட்டிலில் நிரப்பவும் ஒரு லிட்டர், தலையிலும் கழுத்திலும் ஊற்ற அரை லிட்டர். மொத்தம் 180 லிட்டர், 20 லிட்டர் கேனில் ஒன்பது. மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வைத்தால் 12 கேன். ஒவ்வொன்றும் 20 கிலோ. சாலை முடியும் இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பந்தல் போட்டால் அந்தப் பன்னிரண்டையும் தோளில் ஏற்ற வேண்டும். வாலன்டியர்கள் அதிலேயே ஓய்ந்துவிடுவார்கள். பிக்அப் வண்டியோ டிராக்டரோ போகும் இடத்தில் பந்தலை வைத்துவிட்டு, அடுத்த பந்தல் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் ஏற்றம் என்று பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிடுங்கள். பந்தல்களுக்கு நடுவே ஏழு கிலோமீட்டருக்கு மேல் போனால் ஓட்டக்காரர் ஒன்றரை லிட்டர் சுமந்தாக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் டம்ளர், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் எல்லாமே அதில் அடக்கம். அதனால் டம்ளரே இல்லாத பந்தல்தான் சரி. ஓட்டக்காரர் தன் பாட்டிலையும் மடக்கு கப்பையும் கொண்டு வருவார், நாம் ஊற்றுவோம். இங்கே ஒரு சிக்கல் வரும். கேனின் குழாயைத் திறந்து ஒவ்வொரு பாட்டிலாக நிரப்பினால் ஆளுக்கு ஒரு நிமிடம். பத்துப் பேர் கூட்டமாக வந்தால் கடைசி ஆள் பத்து நிமிடம் வெயிலில் நிற்பார், அல்லது பொறுமையிழந்து நிரப்பாமலே போய்விடுவார். அப்படி நிரப்பாமல் போனவர்தான் அடுத்த ஏற்றத்தில் விழுவார். மூக்கு வைத்த இரண்டு லிட்டர் ஜக் எட்டு வாங்கி, நான்கில் வெறும் தண்ணீர், நான்கில் ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசல் வையுங்கள். ஜக்குகள் எப்போதும் நிரம்பியே இருக்கும்படி பார்த்துக்கொண்டால் ஒருவருக்குப் பதினைந்து விநாடி போதும். ஒருவர் ஊற்ற, ஒருவர் ஜக் நிரப்ப, ஒருவர் பாட்டிலின் மூடியைத் திறந்து கொடுக்க. விரல் வீங்கியிருக்கும்போது மூடி திறப்பது பெரிய வேலை.

ஓ.ஆர்.எஸ். கரைப்பதில் பலர் கைக்கு வந்தபடி கொட்டுகிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு ஒரு லிட்டருக்கு இது: சாதா உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். கடையில் கிடைக்கும் பெரிய பாக்கெட் அதுதான். 20 லிட்டர் கேனுக்கு 20 பாக்கெட், கூடவும் கூடாது குறையவும் கூடாது. ருசியாக இருக்கட்டும் என்று இரண்டு மடங்கு போட்டால் அந்தக் கரைசல் குடலிலிருந்தே தண்ணீரை இழுக்கும், வாந்தி வரும். கேனில் கரைத்த நேரத்தை எழுதி ஒட்டுங்கள், 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. பாக்கெட் தீர்ந்துபோனால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஆறு சமமான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தலை தட்டி அளக்க வேண்டும், குவியலாக அல்ல.

சாப்பிட என்ன வைப்பது என்பதில் நம் ஊரில் பஞ்சமே இல்லை. உப்பும் மிளகும் தூவிய வேகவைத்த உருளைக்கிழங்கு, பாதியாக வெட்டிய வாழைப்பழம், கடலை மிட்டாய், கமலா ஆரஞ்சுச் சுளை, உப்புப் போட்ட எலுமிச்சைத் துண்டு. நீண்ட ஓட்டம் என்றால் நடுப் பந்தலில் நீர்த்த கேழ்வரகுக் கூழும் மோரும். மலை ஊர்ப் பெண்கள் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிப் பணம் கொடுத்தால் சாமைப் பொங்கலும் செய்து தருவார்கள். பந்தயத்தின் பணத்தில் ஒரு பகுதியாவது அந்த ஊரிலேயே தங்க வேண்டும். வாழைப்பழத்தை உரித்து வைக்காதீர்கள், ஈ மொய்க்கும். தோலோடு குறுக்கே வெட்டினால் கை படாமல் எடுக்கலாம். தோலைப் போட ஒரு கூடை, பந்தலிலிருந்து 50 மீட்டர் தள்ளி இன்னொரு கூடை. மென்றுகொண்டே போகிறவர்கள் அந்த இரண்டாவது கூடை இல்லாவிட்டால் காட்டில்தான் போடுவார்கள். குரங்கு உள்ள இடத்தில் உணவை மூடியே வைக்க வேண்டும்.

வலி மாத்திரை கேட்பார்கள். கொடுக்காதீர்கள். உடலில் நீர் குறைந்த நிலையில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். அதைத் தர மருத்துவர் ஒருவரே முடிவு செய்ய வேண்டும்.

உடம்பு சொல்வது

பந்தலில் நிற்பவர் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. மூன்றைப் பிரித்தறிந்தால் போதும்.

முதலாவது சாதாரணச் சோர்வு. முகம் வெளுத்திருக்கும், தலை சுற்றும், ஆனால் கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்வார். நிழலில் படுக்கவைத்துக் காலை உயர்த்தி, ஓ.ஆர்.எஸ். சிறிது சிறிதாகக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் தெளிவார்.

இரண்டாவது வெப்ப வாதம், அதாவது ஹீட் ஸ்ட்ரோக். பெயரைக் கேட்டால் குழறுவார், கோபப்படுவார், நேராக நடக்க மாட்டார், உடம்பு அனலாகக் கொதிக்கும். உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்வை நின்றுவிட்டதா என்று பார்த்துக் காத்திருக்க வேண்டாம். ஓடி வந்தவருக்கு வெப்ப வாதத்திலும் வியர்வை கொட்டும். இங்கே செய்ய வேண்டியது முதலில் குளிர்விப்பது, பிறகுதான் வண்டியில் ஏற்றுவது. தார்ப்பாயில் படுக்கவைத்து நான்கு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, உள்ளே தண்ணீரும் உடைத்த ஐஸ் கட்டியும் கொட்டி, அந்தத் தண்ணீரை உடம்பெங்கும் படும்படி அளாவ வேண்டும். ஐஸ் இல்லாவிட்டால் நனைத்த வேட்டியை மேலே போட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி, விசிற வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குள் வெப்பம் 39-க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். மலைச் சாலையில் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம் என்றால், குளிர்விக்காமல் ஏற்றி அனுப்புவது அந்த அரை மணியைத் தொலைப்பதுதான். ஆகவே கடைசிப் பந்தலில் இரண்டு ஐஸ் பார் சாக்கில் சுற்றி, உமி போட்டு வைத்திருங்கள்.

மூன்றாவது பலருக்குத் தெரியாதது: தண்ணீர் அதிகமாகக் குடித்ததால் ரத்தத்தில் உப்பு குறைவது. மெதுவாக, ஐந்தாறு மணி நேரம் ஓடுபவர்களுக்கு வரும். வயிறு உப்பி, மோதிரம் இறுகி, தலைவலி, வாந்தி, பிறகு குழப்பம். பார்க்கச் சோர்வு மாதிரியே இருக்கும். "இன்னும் கொஞ்சம் தண்ணி குடிங்கண்ணா" என்று அன்போடு கொடுப்பது இவருக்கு ஆபத்து. எவ்வளவு குடித்தீர்கள், கடைசியாகச் சிறுநீர் எப்போது போனது என்று கேளுங்கள். நிறையக் குடித்திருந்தால் வெறும் தண்ணீரை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பாம்பு கடித்தால் ரத்த ஓட்டத்தை நிறுத்தும்படி இறுக்கிக் கட்டுப் போடக்கூடாது, கீறக்கூடாது. ஓடவும் நடக்கவும் விடாமல், எலும்பு முறிந்த காலைப் போல அசையாமல் குச்சி வைத்துக் கட்டி, தூக்கிக்கொண்டு வர வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். அதனால் பாம்பைத் தேடிப் பிடிக்க நேரம் கழிக்க வேண்டாம். எந்த ஆஸ்பத்திரியில் அந்த மருந்து இருப்பில் உள்ளது என்று பந்தய வாரத்தில் நேரில் போய்க் கேட்டு எழுதிவைப்பது ஏற்பாட்டாளர் கடமை. நாய் கடித்தால் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே தடுப்பூசி. பெரிய மலைத்தேன் கூடு உள்ள பாறையை முன்கூட்டியே பார்த்துப் பாதையை விலக்கிவிடுங்கள். அந்தப் பக்கம் ட்ரோன் பறக்கவிடக்கூடாது, விசில் ஊதக்கூடாது.

ஓடுபவருக்கு

மலையில் தூரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். 100 மீட்டர் ஏற்றத்தை ஒரு கிலோமீட்டராகச் சேர்த்துக் கணக்கிடுவது உலகெங்கும் வழக்கம். 25 கிலோமீட்டர், 1000 மீட்டர் ஏற்றம் என்றால் உழைப்பு 35 கிலோமீட்டருக்கு. நடப்பவருக்கு 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். அதே பாதைக்கு ஆறு மணி நாற்பது நிமிடம் வரும். ஏழு மணி நேர வரம்பு என்று அறிவித்தால், விறுவிறுவென்று நடப்பவரும் முடிக்கலாம் என்று பொருள். ஒவ்வொரு பந்தலும் மூடும் நேரம் இதிலிருந்துதான் வருகிறது. பந்தல் மூடிய பிறகு வருபவரை நிறுத்தும் வாலன்டியரிடம் சண்டை போடாதீர்கள். அவர் உங்களை இருட்டில் கரடிக் காட்டுக்குள் அனுப்ப மறுக்கிறார்.

ஏற்றத்தில் மூச்சுவிட்டபடி பேச முடியாத நிலை வந்ததும் நடக்கத் தொடங்குங்கள். கை இரண்டையும் தொடையில் ஊன்றி, சிறு அடிகளாக. இறக்கத்தில்தான் தொடை கிழிகிறது. குதிகாலை முன்னால் நீட்டி பிரேக் போட்டால் ஒவ்வொரு அடியும் முழங்காலில் இடிக்கும், சரளையில் வழுக்கும். உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து, அடியைக் குறைத்து, வேகமாகக் கால் மாற்றி, பார்வையைக் காலடியில் அல்லாமல் மூன்று நான்கு மீட்டர் முன்னால் வையுங்கள். பயிற்சிக்கு வேலூர்க்காரர்களுக்கு ஊரைச் சுற்றியுள்ள மொட்டைக் குன்றுகள் இருக்கின்றன. சோளிங்கர் பெரிய மலையின் 1305 படிகளும் ஏறுவதற்கு நல்ல பயிற்சி. அங்கே பக்தர்கள் நடுவே ஓடாமல் நடந்தே ஏறி நடந்தே இறங்குங்கள், அதுவே தொடைக்குப் போதுமான வேலை. ஷூ அடியில் நான்கைந்து மில்லிமீட்டர் பல், முன்னால் விரலுக்குக் கட்டைவிரல் அகலம் இடம். அவ்வளவுதான், விலை முக்கியமில்லை.

பாதையில் எதிரே விறகோ புல்லுக்கட்டோ சுமந்து வருபவர் இருந்தால் நின்று ஒதுங்குங்கள். அது அவர்கள் தினமும் நடக்கும் வழி, நாம் ஒரு நாள் வந்தவர்கள். ஊருக்குள் நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். சாமை வயலின் வரப்பில் ஒற்றை வரிசையாக. கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள்.

பாதியில் நிறுத்திவிட முடிவு செய்தால், அதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால் எண் அட்டையை அடுத்த பந்தலில் கொடுத்து, பதிவேட்டில் எழுதியதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போங்கள். சொல்லாமல் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்த் தூங்கும் ஒருவருக்காக, இருபது பேர் இரவெல்லாம் டார்ச் அடித்துக்கொண்டு ஓடைகளில் தேடுவார்கள்.

எண்ணிக்கை

எண்ணிக்கைதான் இந்த வேலையின் உயிர்நாடி. தொடக்கக் கோட்டைத் தாண்டியவர் எத்தனை என்று எழுத வேண்டும், பதிவு செய்தவர் எத்தனை என்று அல்ல. ஒவ்வொரு பந்தலிலும் எண், நேரம், இரண்டையும் பென்சிலால் எழுத வேண்டும். பேனா நனைந்த தாளில் எழுதாது, போன் சார்ஜ் தீரும். ஒவ்வொரு பந்தலும் மூடும்போது வந்தவர் எண்ணிக்கையையும் நிறுத்திக்கொண்டவர் எண்களையும் தலைமை இடத்துக்குச் சொல்ல வேண்டும். சிக்னல் இல்லாத பள்ளத்தில் வாக்கி டாக்கியும் மலை மறைத்தால் கேட்காது. மேட்டில் ஒருவரை நிறுத்தி, செய்தியைக் கேட்டு அப்படியே அடுத்த பக்கத்துக்குச் சொல்லச் செய்யுங்கள், அல்லது பைக்கில் தாளையே அனுப்புங்கள்.

ஸ்வீப் இருவரும் கடைசி ஓட்டக்காரரைத் தாண்டி ஓர் அடிகூட முன்னால் போகக்கூடாது. அவர்கள் பையில் முதலுதவிப் பெட்டி, கூடுதல் ஹெட்லைட், இரண்டு லிட்டர் தண்ணீர், மெல்லிய போர்வை. வரும் வழியில் ரிப்பனை அவிழ்ப்பதும் அவர்கள் வேலை. இங்கே ஒரு பொறி உண்டு: இரண்டு தூரங்கள் ஒரே பாதையைப் பகிர்ந்தால், குறுகிய ஓட்டத்தின் ஸ்வீப் அந்தப் பகுதி ரிப்பனைத் தொடக்கூடாது. அவிழ்த்துவிட்டால், நீண்ட ஓட்டத்தில் பின்னால் வருபவர்கள் வெறும் காட்டில் நிற்பார்கள்.

கணக்கு இடித்தால், அதாவது 14-வது கிலோமீட்டர்ப் பந்தலைத் தாண்டிய 118 பேரில் 117 பேர்தான் 20-வதில் பதிவாகியிருந்தால், உடனே எல்லோரும் காட்டுக்குள் ஓட வேண்டாம். முதலில் தாளைச் சரிபாருங்கள், 61-ஐ 67 என்று எழுதியிருக்கலாம். அந்த எண்ணின் ஆளுக்கும் அவர் அவசரத் தொடர்புக்கும் போன் போடுங்கள். அவருக்கு முன்னாலும் பின்னாலும் ஓடியவர்களைக் கேளுங்கள். அதற்குப் பிறகு இருவர் இருவராக, இரு முனைகளிலிருந்தும், பாதை பிரியும் இடங்களைக் கவனித்தபடி நடக்க வேண்டும். மலையில் உதவி கேட்கும் சைகை நிமிடத்துக்கு ஆறு முறை விசில், பதில் மூன்று முறை. இதை ஓட்டக்காரருக்குத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அரை மணிக்குள் தடயம் இல்லை என்றால் வனத்துறைக் காவலரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் சொல்லுங்கள். அந்தக் காட்டின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

எல்லோரும் வந்த பிறகும் வேலை மிச்சம் இருக்கும். மறுநாள் காலை நான்கு பேர் பாதையை மறுபடி நடக்க வேண்டும். எத்தனை ரிப்பன் கட்டினோம், எத்தனை திரும்பி வந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பந்தல் போட்ட இடத்தில் பழத்தோல்கூட இருக்கக்கூடாது, குரங்கும் காட்டுப்பன்றியும் அந்த இடத்துக்குப் பழகிவிடும். ஊருக்குக் கொடுப்பதாகச் சொன்ன பணத்தை அன்றே கொடுத்துவிடுங்கள். ஓட்டக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடிகாரத்தில் பதிவான பாதையை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றாதீர்கள். காப்புக் காட்டு வழியாகப் போன அந்தப் பாதைக்கு அனுமதி ஒரே ஒரு நாளுக்குத்தான். வரைபடத்தைப் பார்த்து அடுத்த வாரம் நான்கு பேர் தனியாகக் கிளம்பினால், அவர்களுக்கு வழியில் தண்ணீரும் இருக்காது, பின்னால் ஸ்வீப்பும் இருக்காது. வனத்துறையும் அடுத்த ஆண்டு விண்ணப்பத்தை அதே கண்ணோடு பார்க்காது. தூரம், நேரம், ஏற்றம் மட்டும் தெரியும்படி வைத்து, வரைபடத்தை மறைத்துவிடுங்கள்.